கண்டன்சர் குற்றவாளியா?

“இட்லி இல்ல சார்.”

மதுரையில், காலை ஏழரை மணிக்கு, ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு இந்த வாக்கியத்தைக் கேட்டால் எப்படி இருக்கும்? வைகையில் தண்ணீர் இல்லை என்றால் பழகிவிட்டது என்று விட்டுவிடலாம். இட்லி இல்லை என்றால்?

“சரி, தோசை?”

“மாவே இல்ல சார். பூரி போடச் சொல்லட்டா?”

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் மெஸ். பெயர் வேண்டாமே! பேங்க் ஆசாமிகள், மெடிக்கல் ரெப்புகள், மேன்ஷன்வாசிகள் என்று தினமும் கூட்டம் நெரியும். அன்றைக்கு எல்லோரும் பூரிக்கிழங்கைப் பார்த்தபடி மௌனமாக இருந்தார்கள். பின்கட்டிலிருந்து மட்டும் முதலாளியின் குரல் வந்தது.

“நாலு மாசத்துல மூணாவது தடவை! அரிசிய அள்ளி அள்ளிக் கொட்டிட்டு சுவிட்ச தட்டுறான். மோட்டார் தாங்குமா? இந்தத் தடவையும் சம்பளத்துல புடிச்சாத்தான் இவனுக்குப் புத்தி வரும்!”

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் நாலே கால் மணிக்குக் கிரைண்டர் நின்றுவிட்டது. மாவு ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து, ராத்திரி பூராவும் புளித்தால்தான் மறுநாள் காலை இட்லி. ஆக, நேற்றைக்குக் கிரைண்டர் நின்றால் இன்றைக்குத்தான் இட்லி நிற்கும். நோய் ஒரு நாள், அறிகுறி மறுநாள்!

திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். இருபது வயசிருக்கும். கிரைண்டர் பொறுப்பு அவனுடையது. தலையைக் குனிந்துகொண்டு ஈயக் குண்டானைத் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரியே ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, “காயில் போச்சு. ரீவைண்டிங் பண்ணணும். நாலாயிரம் ஆகும், மூணு நாளாகும்” என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார். இதற்கு முன் இரண்டு தடவை கண்டன்சர் மாற்றியதும் அவரே. இரண்டு தடவையும் காசு போனது பையன் சம்பளத்தில்!

மூன்று நாள் இட்லி இல்லாமல் மெஸ் நடத்த முடியுமா? முதலாளியின் மைத்துனர் யாரையோ போனில் பிடித்தார். அரை மணியில் ஒரு பழைய டிவிஎஸ் 50 வந்து நின்றது.

டெஸ்டர் அண்ணன்

ஐம்பத்தைந்து வயசு இருக்கலாம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். ஆகவே ஏரியாவில் அவருக்கு ‘டெஸ்டர் அண்ணன்’ என்றே பெயர். ஹோட்டல் அடுப்பு, கிரைண்டர், பாய்லர், ஃப்ரீசர் எல்லாம் பார்ப்பார். நமக்கோ பேனாப் பிழைப்பு. பத்து மணிக்கு ஆபீஸ் கையெழுத்து கிடையாது. வேடிக்கை பார்க்கப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

வந்ததும் அவர் பையைத் திறக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை.

“மெசின யாரு ஓட்டுறது?”

“என்கிட்ட கேளுங்கண்ணே” என்றார் முதலாளி.

“நீங்களா அரிசி போட்டு ஆட்டுறீங்க?”

“இல்ல, இவன்தான்.”

“அப்ப இவன்கிட்டத்தான கேக்கணும். இங்கிட்டு வா தம்பி.”

பையன் பயந்துகொண்டே வந்தான்.

“ஓடிக்கிட்டு இருக்கும்போது நின்னுச்சா, சுவிட்சு போடும்போதே சுத்தலையா?”

“உளுந்து ஆட்டி வழிச்சுட்டேண்ணே. அரிசியப் போட்டு சுவிட்ச தட்டுனேன். ம்ம்ம்முன்னு உறுமுச்சு. சுத்தல. ஆஃப் பண்றதுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். பொகை வந்துருச்சு.”

“மொத ரெண்டு தடவையும் இதே மாதிரியா?”

“இதே மாதிரிதாண்ணே. ஒண்ணு சொல்லலாமாண்ணே?”

“சொல்லு.”

“பெரிய ஃப்ரீசர் ஓடிக்கிட்டு இருந்தா மட்டுந்தாண்ணே இது மக்கர் பண்ணுது. ஃப்ரீசர் நின்னுருந்தா நல்லா ஓடுது. இதப் போடும்போது அந்த பல்பும் மங்குதுண்ணே.”

“ஆமா, இவரு பெரிய இன்ஜினீயரு!” என்றார் முதலாளி.

டெஸ்டர் அண்ணன் சிரிக்கவில்லை. அந்த பல்பைப் பார்த்தார். பல்புக்கு வரும் ஒயரைப் பார்த்தார். அது போகும் வழியைப் பார்த்தார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி... அதற்கே தனியாக ஃபீஸ் கொடுக்கலாம்.

“இந்தத் தொந்தரவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கடைசியா என்ன மாத்துனீங்க?”

“ஒண்ணும் மாத்தலையே...”

“கிரைண்டர் இந்த எடத்துலயேதான் இருந்துச்சா?”

“இல்ல. முன்னாடி கிச்சன்ல இருந்துச்சு. ரெண்டு டேபிள் சேத்துப் போடலாம்னு நாலு மாசத்துக்கு முந்தி பின்கட்டுக்குத் தள்ளுனோம்.”

அந்த இரண்டு டேபிளில் ஒன்றில்தான் நான் பூரி தின்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தள்ளிவிட ஒரு ஆள்

அடுத்து நடந்ததைச் சொல்லுமுன் மோட்டார் பற்றி இரண்டு வார்த்தை. பயப்பட வேண்டாம், நானும் பி.காம்.தான்!

வெட் கிரைண்டர் நம்ம ஊர் சரக்கு. 1955-ல் கோவையைச் சேர்ந்த பி.சபாபதி உருவாக்கியது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, ஃபேனோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்ததில், ஆட்டுக்கல் வீட்டுத் திண்ணையோரம் குப்புறப் படுத்துவிட்டது. (2012 மின்வெட்டில் சில பேர் அதை மறுபடி நிமிர்த்தியதும் உண்டு.)

மெஸ் கிரைண்டரில் இருந்தது ஒரு ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குப் பிறவியிலேயே ஒரு குறை. ஓட ஆரம்பித்துவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால், தானாகக் கிளம்பத் தெரியாது. ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தை மாதிரி, முதலில் யாராவது தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளிவிடுகிற ஆள்தான் கண்டன்சர்.

தள்ளிவிட்டதும் அந்த ஆள் விலகிவிட வேண்டும். அவரை விலக்குவதற்கு மோட்டாருக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. மோட்டாரின் முழு வேகம் நிமிஷத்துக்கு 1,440 சுற்று என்றால், ஏறக்குறைய முக்கால் வேகத்துக்கு வந்ததும் அந்த சுவிட்ச் ‘டிக்’ என்று திறந்து கண்டன்சரைக் கழற்றிவிடும். கண்டன்சரின் டியூட்டி சில விநாடிதான். அதற்கு மேல் வேலை வாங்கினால் சூடாகி, உப்பி, டப்!

இப்போது டெஸ்டர் அண்ணன் வேலைக்கு வந்தார். முதலில் மெயினை ஆஃப் செய்தார். பெல்ட்டைக் கழற்றினார். புல்லியைக் கையால் சுற்றினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

“பேரிங் நல்லாருக்கு.”

மோட்டாரின் அருகே மூக்கைக் கொண்டுபோனார். “காயில் எரிஞ்சா வார்னிஷ் நாத்தம் கொடலப் புடுங்கும். ஒண்ணும் இல்ல.” மீட்டர் வைத்துப் பார்த்தார். காயிலும் சுகம்!

நாலாயிரம் ரூபாய் அந்த இடத்தில் தப்பித்தது.

பையிலிருந்து ஒரு புதுக் கண்டன்சரை மாட்டினார். ஆனால், பின்கட்டு பிளக்கில் சொருகவில்லை. டிவிஎஸ்ஸில் கட்டியிருந்த தடிமனான ஒயரை எடுத்து, முன்னால் இருக்கும் மெயின் போர்டிலிருந்தே நேராகக் கரண்ட் கொண்டுவந்தார். சுவிட்சைத் தட்டினார்.

விர்ர்ர்... டிக்!

பெல்ட்டை மாட்டி, அரிசியைப் போட்டுத் தட்டினார். விர்ர்ர்... டிக்! முதலாளி முகத்தில் வெளிச்சம். “அப்ப கண்டன்சர்தானா போச்சு? மாத்தியாச்சுல்ல?”

“போனது கண்டன்சர். போக வச்சது யாருன்னு பாக்க வேண்டாமா?”

எனக்குச் சுரீர் என்றது. ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிய காலத்தில் டிரயல் பேலன்ஸ் இடித்தால் என்ன செய்வோம்? வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று போட்டு டோட்டலைச் சரிக்கட்டுவோம். தப்பு டோட்டலில் இருக்காது. எங்கேயோ ஏப்ரல் மாதத்து என்ட்ரியில் இருக்கும். கண்டன்சரை மட்டும் மாற்றிவிட்டுப் போவது சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

வோல்ட் எங்கே போச்சு?

பின்கட்டு பிளக்கில் மீட்டரை வைத்தார். 228 வோல்ட்.

“பாத்தீங்களா, கரண்ட் கரெக்டா இருக்கு!” என்றார் முதலாளி.

“சும்மா இருக்கும்போது எல்லாரும் கரெக்டாத்தான் இருப்பாங்க. வேலை குடுத்துப் பாப்போம். தம்பி, ஃப்ரீசரப் போடு. இப்ப கிரைண்டர ஒரு தட்டுத் தட்டிட்டு ஒடனே நிறுத்து.”

தட்டினான். மோட்டார் உறுமியது. மீட்டர் சடசடவென்று இறங்கியது. 168!

இந்த இடம்தான் மொத்தக் கதைக்கும் முடிச்சு. கம்பிக்கும் ஒரு தடை உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக 25 மீட்டர், வர 25 மீட்டர் என்றால் அதன் தடை ஏறக்குறைய 0.9 ஓம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சில ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதை 0.9-ஆல் பெருக்கினால் 27. ஆக, 27 வோல்ட்டைக் கம்பியே தின்றுவிடுகிறது. கரண்ட் ஓடாதபோது இந்தத் தீனி கிடையாது. அதனால்தான் சும்மா அளந்தால் 228 காட்டுகிறது!

மீதி வோல்ட்? அதே ஒயரில்தான் ஃப்ரீசரும் தொங்கியது. போதாக்குறைக்கு நடுவில் ஒரு ஜாயின்ட். விறகு அடுக்கியிருந்த மூலையில் குனிந்து, மறுபடி மெயினை ஆஃப் செய்துவிட்டு, அதைத் தேடி எடுத்தார். இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி, கறுத்து, மொறுமொறு வடை மாதிரி ஆகியிருந்தது. விறகுக்குப் பக்கத்தில்!

வோல்ட் குறைந்தால் மோட்டாரின் கிளம்பும் பலம் அதே விகிதத்தில் குறைவதில்லை. வர்க்க விகிதத்தில் குறையும். 230-க்கு 168 என்பது முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. பலமோ பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று விழுந்துவிடும். ஈர அரிசியோடு இருக்கிற கல்லைப் பாதிப் பலத்தில் கிளப்ப முடியுமா? முக்கால் வேகம் வரவில்லை. ‘டிக்’ கேட்கவில்லை. தள்ளிவிட வந்த ஆள் விலக முடியாமல் மாட்டிக்கொண்டு உயிரை விட்டார். மூன்று தடவை!

“இவன் வழக்கமாப் போடுற அரிசியத்தான் போட்டிருக்கான். அரிசியும் மாறல, ஆளும் மாறல. எடம் மாறுச்சு, ஒயர் மாறுச்சு” என்றார் டெஸ்டர் அண்ணன்.

முதலாளி பேசவில்லை. ஆனால், பையனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“அண்ணே, இன்னொண்ணு. கிரைண்டரத் தொட்டா சுள்ளுங்குதுண்ணே. செருப்பு போட்டுக்கிட்டா அவ்வளவாத் தெரியல.”

டெஸ்டர் அண்ணன் நிமிர்ந்தார். அதுவரை இருந்த நிதானம் காணாமல் போனது. பிளக்கைப் பிரித்தார். மூன்று பின்னில் பெரிய பின் இருக்கிறதே, அதுதான் எர்த். அதில் ஒயரே இல்லை. நீட்டி இழுத்த ஒயரில் இருந்ததே இரண்டு கம்பிதான். ஈரம் இறங்கி மோட்டாரில் லேசாகக் கரண்ட் கசிகிறது. அது பூமிக்கு இறங்க வழியில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பையன்தான் வழி!

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசமா இருக்கும்ணே.”

“மொதலாளிகிட்டச் சொன்னியா?”

பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கிரைண்டரைப் பார்த்தார்.

“மோட்டார் போச்சு, மோட்டார் போச்சுன்னு கத்துறீங்களே... ஆளே போயிருப்பான்” என்றார் டெஸ்டர் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலத்துக்குள் கசிந்த மோட்டாரைப் பிரித்துக் காயவைத்து, போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து, எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி ஒன்றும் மாட்டினார். அதாவது கரண்ட் வேறு வழியில், உதாரணமாக உங்கள் உடம்பு வழியாக, அந்த அளவு கசிந்தாலே கண் இமைக்குமுன் தானாக ஆஃப் ஆகிவிடும். ஈரம் புழங்குகிற எந்தச் சமையல்கட்டிலும் இருக்க வேண்டிய சாமான். பலரும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடுகிற சாமானும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ரவுண்டு

மனுஷர் என்னைக் கவர்ந்துவிட்டார். “ஒரு நாள் உங்ககூட வரலாமாண்ணே?” என்றேன். “பெட்ரோல் நீங்க போடுறதா இருந்தா வாங்க” என்றார். போட்டேன்.

காலையில் திருமங்கலத்தில் ஒரு பேக்கரி. அவன் அடுப்பில் ரஸ்க் எல்லாம் கரி. டெம்பரேச்சர் கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை புதுசு மாற்றியாகிவிட்டது. மூன்றாவதையும் வாங்கிக் கையில் வைத்திருந்தார் ஓனர்.

“கடைசியா என்ன மாத்துனீங்க?” வழக்கமான கேள்விதான்.

“ஒண்ணுமில்ல, ஆயுத பூஜைக்கு அவனை நகட்டி வெள்ளையடிச்சோம்.”

அவனுக்குள் சூட்டை அளக்க இருப்பது தெர்மோகப்பிள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்துச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கு இடையே மின்னழுத்தம் உண்டாகும். 1821-ல் தாமஸ் ஸீபெக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கவனித்த சமாசாரம். அவன் சூட்டுக்குக் கிடைப்பது சில மில்லிவோல்ட்தான். அதை வைத்துத்தான் கன்ட்ரோலர் சூட்டைக் கணக்குப் போடுகிறது.

டெஸ்டர் அண்ணன் அவனின் ஹீட்டரை ஆஃப் செய்துவிட்டு, தெர்மோகப்பிளை வெளியே எடுத்து, அதன் நுனியைக் கொதிக்கிற டீயில் முக்கினார். கன்ட்ரோலரில் எண் ஏற வேண்டும் அல்லவா? இறங்கியது!

வெள்ளையடித்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது இரண்டு ஒயரையும் மாற்றி மாட்டிவிட்டார்கள். சூடு ஏற ஏற, ‘ஐயோ குளிருதே’ என்று நினைத்துக்கொண்டு கன்ட்ரோலர் இன்னும் சூடேற்றச் சொல்லியிருக்கிறது. பாவம், அதற்குக் கிடைத்த தகவல் அப்படி. எத்தனை புது கன்ட்ரோலர் மாட்டினாலும் அதே முடிவைத்தான் எடுக்கும். ஒயரை மாற்றி மாட்ட இரண்டு நிமிஷம். டீக்கு மட்டும் பேக்கரியில் காசு வாங்கவில்லை.

மத்தியானம் நகரத்துக்குள் ஒரு ஜூஸ் கடை. டீப் ஃப்ரீசரில் குளிர் இல்லை. “கேஸ் போச்சுண்ணே. வருஷத்துல ரெண்டு தடவை ஏத்திட்டேன்” என்றார் கடைக்காரர்.

“ஃப்ரீசர் கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? அது மூடுன குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். கொறஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையக் காட்டாம கேஸ் மட்டும் ஏத்துனா, ஓட்ட வாளில தண்ணி மொண்ட கதைதான்.”

குனிந்து பின்னால் பார்த்தார். உள்ளே இருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுகிற குழாய்ச் சுருளுக்கும் கண்டன்சர் என்றுதான் பெயர். (கிரைண்டர் கண்டன்சருக்கு உறவு இல்லை, பெயர்ப் பொருத்தம்தான்!) அது சுவரோடு ஒட்டி, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி போர்த்திக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டார். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினார். நாங்கள் ஒரு ஜிகர்தண்டா குடித்து, சாப்பாட்டையும் முடித்துவிட்டு வந்தபோது ஃப்ரீசரின் உட்சுவரில் வெள்ளைப் பூ பூக்க ஆரம்பித்திருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு ஒத்தக்கடை தாண்டி ஒரு பரோட்டா கடை. கூட்டம் நெருக்குகிற நேரத்தில் மட்டும் அடுப்பு சுணங்குகிறது. ரெகுலேட்டரை இரண்டு தடவை மாற்றியாயிற்று.

“கூட்டம் இல்லாதப்ப?”

“நல்லா எரியுதுண்ணே.”

டெஸ்டர் அண்ணன் சிலிண்டரைத் தொட்டார். என்னையும் தொடச் சொன்னார். ஐஸ்! கீழ்ப்பாதியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது வாயுவாக மாறச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைச் சிலிண்டர் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பெரிய பெரிய பர்னர்கள் ஒரே 19 கிலோ சிலிண்டரிலிருந்து உறிஞ்சினால், வெளிக்காற்றால் சூடு கொடுத்து மாளாது. சிலிண்டர் குளிர்ந்துபோகும். அழுத்தம் இறங்கும். அடுப்பு சுணங்கும். ரெகுலேட்டர் என்ன பாவம் செய்தது?

“அதான் சார், நான் அப்பப்ப வெந்நி ஊத்துவேன்” என்றார் மாஸ்டர் பெருமையாக.

“ஊத்துவ! கவுத்திக்கூட வைப்ப! ஒரு நாள் கடையோட மேல போவ” என்று வெடித்தார் டெஸ்டர் அண்ணன். சிலிண்டருக்குச் சூடு காட்டுவதும், படுக்கப் போடுவதும் விபரீதம். படுக்கப் போட்டால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே பாயலாம். “ஏஜென்சில சொல்லி ரெண்டு சிலிண்டரச் சேத்து முறையா லைன் போட்டுத் தரச் சொல்லு. நானும் போட மாட்டேன், நீயும் போடாத.”

பார்ட்டும் பார்த்ததும்

திரும்பி வரும்போது கேட்டேன். “எல்லா எடத்துலயும் ஏண்ணே மொதல்ல பார்ட்ட மாத்திடுறாங்க? மத்த மெக்கானிக்குக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? இன்னிக்கு மூணு கடை பாத்தோம். ஒரு பார்ட்டாவது வித்தேனா? பேக்கரிக்காரரு என்ன குடுத்தாரு? டீ! கன்ட்ரோலர் மாத்துனவருக்கு ரெண்டு தடவையும் முழுசாக் குடுத்தாரு. நம்ம சனங்க பார்ட்டுக்குக் காசு குடுப்பாங்க. பாத்ததுக்குக் குடுக்க மாட்டாங்க. அப்பறம் மெக்கானிக் எத விப்பான்?”

நியாயம்தானே? டாக்டர் எழுதிக்கொடுக்கிற மாத்திரையின் விலையை வைத்தா டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம்? மெக்கானிக்குக்கு மட்டும் ஏன் அப்படி? ‘நோய் பார்த்த கூலி’ என்று ஒன்றைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். மொத்தச் செலவு குறைந்துவிடும்.

நம் ஆபீஸ்களிலும் இதே கதைதானே, சாரே? ஃபைல் தாமதமானால் கடைசியாக ஃபைல் இருந்த டேபிளைப் பிடிக்கிறோம். மெமோ கொடுக்கிறோம். கெட்டுப்போன இடம் வேறு, கெடுத்த இடம் வேறு. அது தெரிந்த ஆள் பெரும்பாலும் அந்த மெஷினைத் தினமும் தொடுகிற கடைசி ஆள். அவனிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், ‘இவரு பெரிய இன்ஜினீயரு!’

அட்டைப் பெட்டிக்குள் நாலு குறிப்பு

டெஸ்டர் அண்ணன் சொன்னதில் வீட்டுக்கும் மேன்ஷனுக்கும் ஆகிற சில:

* கிரைண்டர் உறுமி, சுற்றாமல் நின்றால் உடனே ஆஃப். ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று வைத்திருக்கிற நேரத்தில்தான் காயில் எரியும்.

* கீச்சென்று கத்தினால் பெல்ட்டைப் பாருங்கள். கரகர என்றால் பேரிங். ‘கிரைண்டருக்குக் கார்பன் மாத்தணும்’ என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள். கார்பன் பிரஷ் இருப்பது மிக்ஸியில். சாதாரணக் கிரைண்டர் மோட்டாரில் கிடையாது.

* மிக்ஸி திடீரென்று நின்றால் செத்துவிட்டது என்று அழ வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, அடியில் பொத்தான் இருந்தால் அமுக்குங்கள். அதிக பளு என்று அதுவே தன்னை நிறுத்திக்கொண்டிருக்கும்.

* கேஸ் நெருப்பு மஞ்சளாகிப் பாத்திரம் கறுத்தால் காற்று போதவில்லை. பர்னர் அடைப்பைப் பாருங்கள். கேஸ் வாடை அடித்தால் வால்வை மூடி, கதவைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வாருங்கள். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர்தான், தீக்குச்சி அல்ல!

* எதைத் தொட்டாலும் ‘சுள்’ என்றால், அது சின்ன விஷயம் இல்லை. செருப்புப் போட்டுக்கொள்வது ரிப்பேர் ஆகாது.

(நாலு என்றேன், ஐந்தாகிவிட்டது. ஐந்தாவதை முதலாவதாகப் படிக்கவும்.)

அடுத்த மாசம் ஒரு சாயங்காலம் டீக்காக மெஸ்ஸுக்குப் போனேன். பையன் கல்லாவுக்குப் பின்னால் நின்று சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தான். திரும்ப எண்ணினான்.

“மொதலாளி, கூட இருக்கு.”

“தெரியும்டா. எண்ணித்தான வச்சேன்” என்றார் முதலாளி, கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “தீவாளிக்குச் சட்ட எடுத்துக்க.”

தீபாவளி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பையன் ஒன்றும் சொல்லாமல் பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போனான்.

விர்ர்ர்... டிக்!

நாளைக்கு இட்லி உண்டு.